டிக்ஸ் (அவங்களையும் மீறி திரும்பத் திரும்ப வர்ற அசைவு, சத்தம்) இருக்குற பசங்களுக்கு மாத்திரை: பக்க விளைவ எப்படி கண்டுபிடிக்கறது, எப்படி பத்திரமா நிறுத்தறது

இத படிக்கற நேரத்துல உங்க புள்ளைக்கு மாத்திரைய ஏற்கனவே நிறுத்திட்டீங்கனா, கீழ இருக்கறத அப்பால படிச்சிக்கலாம், மொதல்ல டாக்டருக்கு போன் பண்ணி எந்த மாத்திரை, எத்தன வேளை போயிடுச்சுனு சொல்லுங்க. முக்கியமா க்ளோனிடின் குடுத்துக்கினு இருந்தீங்கனா. ஒரு வேளை மட்டும் மறந்திருந்தா அடுத்த வேளைய வழக்கமான டைம்ல குடுங்க, சேத்து டபுளா குடுக்காதீங்க. ரெண்டு மூணு வேளை தொடர்ந்து போயிருந்தா நீங்களா பழைய அளவுல திரும்ப ஆரம்பிக்காதீங்க, பிபி சட்டுனு இறங்கிடலாம், டாக்டர் சொல்ற அளவுல ஆரம்பிங்க. புள்ளைக்கு தலைவலி, படபடப்பு, வேர்வை, வாந்தி இருந்தா போன்ல பேசிக்கினு நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போங்க.

நான் குடியாத்தம். என் பையனுக்கு ஆறு வயசுல கண்ணு சிமிட்டறது ஆரம்பிச்சுது, அப்பால தோள தூக்கறது, தொண்டைய செருமறது, ஏழு வயசுல "ஹுக் ஹுக்"னு ஒரு சத்தம். இப்ப அவனுக்கு பதிமூணு. நடுவுல மூணு மாத்திரை பாத்துட்டோம், ஒண்ணு ரெண்டே நாள்ல ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டுச்சு, ஒண்ண நாங்களே மறந்து தப்பு பண்ணிட்டோம், ஒண்ண மாசக் கணக்குல மெதுவா நிறுத்துனோம். நான் டாக்டர் இல்ல, டோஸ் எவ்ளோனு என்ன கேட்டு முடிவு பண்ணாதீங்க. ஆனா எத கவனிக்கணும், டாக்டர்கிட்ட இன்னா கேக்கணும், இன்னா பண்ணக் கூடாதுனு ஏழு வருஷமா கத்துக்கினத சொல்ல முடியும். அந்த நேரத்துல தமிழ்ல யாராவது எனக்கு இத சொல்லியிருந்தா என் புள்ள இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

முதல் படி: மாத்திரை வேணுமான்னு பாருங்க

டிக்ஸ்னாலே மாத்திரைனு இல்ல. பசங்களுக்கு டிக்ஸ் சாதாரணமா 4-ல இருந்து 6 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், 10-ல இருந்து 12 வயசுல உச்சத்துக்குப் போகும், அப்பால நிறைய பேருக்கு வயசு ஏற ஏற நல்லாவே குறையும். உடம்பு அசையற டிக் குறைஞ்சது ரெண்டு, சத்தம் போடற டிக் ஒண்ணாவது, ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுனா அதுக்கு டூரெட்னு பேர், 1885-ல இத விவரமா எழுதுன பிரெஞ்சு டாக்டர் பேர வெச்சது. பேர கேட்டு பயப்படாதீங்க. எங்க ஆயா திருஷ்டினு மந்திரிச்சாங்க, தாயத்து கட்டுனாங்க, டீச்சர் சேட்டைனு பெஞ்சு மேல நிக்க வெச்சாங்க, ரெண்டும் இல்ல, மூளைக்குள்ள அசைவ கட்டுப்படுத்தற பாதை கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யுது, அவ்ளோதான்.

டிக்கால புள்ளைக்கு வலி இருக்கா (கழுத்த வெட்டி வெட்டி இழுத்தா வலிக்கும்), காயம் ஆவுதா, தூக்கம் கெடுதா, எழுத முடியலியா, ஸ்கூல்ல கிண்டல் தாங்க முடியலியா? இதுல ஏதாவது இருந்தா மாத்திரை பத்தி பேசலாம். உங்களுக்குப் பாக்க சங்கடமா இருக்குனு மட்டும் மாத்திரை குடுக்காதீங்க. இத நான் கோவமாவே சொல்றேன், ஏன்னா நாங்க முதல் மாத்திரைக்கு ஓடுனது ஒரு சீமந்தத்துல சொந்தக்காரங்க கேட்ட கேள்வி தாங்காம.

மாத்திரைக்கு முன்னாடி சிபிஐடினு ஒரு பயிற்சி இருக்கு. டிக் வரதுக்கு முன்னாடி உடம்புல ஒரு அரிப்பு மாதிரி, ஒரு இறுக்கம் மாதிரி வரும், புள்ள அத கவனிச்சு, டிக்குக்கு எதிரான ஒரு அசைவ பண்ணி அந்த அலைய கடக்க கத்துக்கறது. 2010-ல அமெரிக்கால 9-ல இருந்து 17 வயசு வரைக்கும் 126 பசங்கள வெச்சு 10 வாரம் பண்ணுன ஆராய்ச்சில இது நல்லா வேலை செஞ்சுது. நம்ம பக்கத்துல எல்லா இடத்துலயும் கெடைக்காது, வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையத்துல கேட்டுப் பாருங்க, இல்லனா பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி. தூரம் போக முடியாதவங்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மனநல பிரிவுல ஆரம்பிக்கலாம். வீட்ல இருந்தே பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது.

ரெண்டாவது படி: முதல் மாத்திரைக்கு முந்தின நாள்

இத பெரும்பாலும் யாரும் பண்றதில்ல, அப்பால பக்க விளைவு வந்தா "இது முன்னாடியே இருந்துச்சா?"னு டாக்டர் கேக்கறப்போ முழிப்போம். புள்ளையோட எடை, உயரம், பிபி, நாடித் துடிப்பு எழுதி வெச்சிடுங்க. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மாதிரி மாத்திரைனா வெறும் வயித்துல சர்க்கரையும் கொழுப்பும் டெஸ்ட் பண்ண சொல்லுங்க. பிமோசைட்னா ஈசிஜி கண்டிப்பா. வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா, புள்ள ஓடறப்போ மயங்கி விழுந்திருந்தா, எந்த மாத்திரையா இருந்தாலும் அத டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அப்பால ஒரு வீடியோ. புள்ள டிவி பாத்துக்கினு சும்மா உக்காந்திருக்கப்போ அஞ்சு நிமிஷம், வாய், கை விரல், கால் எல்லாம் தெரியற மாதிரி. இந்த ஒரு வீடியோ ரெண்டு வருஷம் கழிச்சு எங்களுக்கு எவ்ளோ உதவுச்சுனு பின்னாடி சொல்றேன்.

ஒரு நோட்டும் வேணும். நூறு பக்க நோட்டு போதும். நான் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்னு கோடு போட்டு, டிக் எவ்ளோ (0-ல இருந்து 10), தூக்கம், பசி, மூட், ஸ்கூல்ல நடந்தது, வேற மருந்து ஏதாவது குடுத்தமானு எழுதுவேன். கட்டாயம் எழுதணும்னு நான் அடிச்சி சொல்றதுக்கு காரணம் டிக் அலை மாதிரி ஏறி இறங்கும், மூணு வாரம் பேயாட்டம் ஆடும், அப்பால தானா அடங்கும். உச்சத்துல இருக்கப்போதான் நாம டாக்டர்கிட்ட ஓடறோம், டோஸ் ஏத்தறாங்க, அது தானா இறங்கற நேரம், நாம மாத்திரையாலனு நெனைக்கறோம். நிறுத்தும்போதும் இதே குழப்பம்தான். நோட்டு இருந்தா மட்டும்தான் அலை எது, மருந்து எதுனு பிரிக்க முடியும்.

மூணாவது படி: எந்த மாத்திரை இன்னா பண்ணும்

க்ளோனிடின்: பிபிக்கு வந்த மருந்து, டிக்குக்கும் கூடவே துறுதுறுப்பு, கவனக்குறைவு இருக்குற பசங்களுக்கும் நிறைய குடுப்பாங்க. தூக்கம்தான் பெரிய தொல்லை, முதல் ரெண்டு மூணு வாரம் க்ளாஸ்லயே தூங்குவான், அப்பால கொஞ்சம் பழகும். வாய் வறட்சி, தலைவலி, மலச்சிக்கல், எழுந்து நின்னா தலை சுத்தல். நம்ம ஊர் வெயில சொல்லணுமா, கத்திரில 40 டிகிரிக்கு மேல போவுது, காலைல ஒண்ணும் சாப்டாம தண்ணி குடிக்காம ப்ரேயர்ல நின்னா இந்த புள்ளைங்க மயங்கும். என் பையன் பைல ரெண்டு பாட்டில் தண்ணி, ப்ரேயர்ல உக்கார அனுமதி, ரெண்டும் லெட்டர் எழுதி வாங்குனேன்.

ரிஸ்பெரிடோன்: டிக்க நல்லாவே அடக்கும், ஆனா பசி. அந்த பசிய பாக்காதவங்களுக்கு சொன்னா புரியாது. என் பையன் ராத்திரி பதினோரு மணிக்கு கிச்சன்ல லைட் போடாம சட்டில இருந்து ஆறிப் போன குழம்புல கைய விட்டு சோறு பெசஞ்சு தின்னுக்கினு இருந்தான், என்ன பாத்ததும் அழுதுட்டான், "பசிக்குதும்மா, நிக்கவே மாட்டேங்குது"ன்னான். ஆறு மாசத்துல 29 கிலோ 36 ஆச்சு. அவன திட்டிப் பிரயோஜனம் இல்ல, அது மருந்தோட பசி. நாங்க பண்ணுனது, ராத்திரி சோத்துக்கு பதிலா கேழ்வரகு களியும் கீரையும், சாயந்திரம் போண்டா பஜ்ஜி வீட்டுக்குள்ளயே வராது, சுண்டல், வெள்ளரி, மோர், ஆம்பூர் பிரியாணி மாசத்துக்கு ஒரு தடவ. ஜூஸ், கூல்ட்ரிங்க்ஸ் நிறுத்துனதுல மட்டுமே வித்தியாசம் தெரிஞ்சுது. எடைய மாசா மாசம் பாருங்க, சர்க்கரையும் கொழுப்பும் மூணு மாசத்துல ஒரு தடவ, அப்பால டாக்டர் சொல்ற கணக்குல. இன்னொண்ணு, இது ப்ரோலாக்டின்ங்கற ஹார்மோன ஏத்தும், பையனுக்கு மார் வீங்கலாம், வயசுக்கு வந்த பொண்ணுக்கு மாசம் தள்ளிப் போலாம், பால் மாதிரி கசியலாம். பசங்க வெட்கப்பட்டு சொல்ல மாட்டாங்க. படுக்கைல ஒண்ணுக்கு போறதும் இதுல திரும்ப வரலாம். நீங்கதான் பொறுமையா கேக்கணும்.

அரிபிப்ரசோல்: 2014-ல அமெரிக்கால 6-ல இருந்து 18 வயசுக்குள்ள டூரெட்டுக்கு அனுமதி வாங்குனது. ப்ரோலாக்டின் தொல்லை பெரும்பாலும் வராது, எடை ரிஸ்பெரிடோன் அளவுக்கு ஏறாது, ஆனா ஏறவே ஏறாதுனு நெனைக்காதீங்க. குமட்டல் வரும். இதுல ரொம்ப கவனிக்க வேண்டியது ஒரு உள் பரபரப்பு, ஒரு இடத்துல உக்கார முடியாது, கால மாத்தி மாத்தி வெப்பான், நடந்துக்கினே இருப்பான், எரிச்சல் வரும். இத பாத்து "டிக் ஜாஸ்தி ஆயிடுச்சு"னு டோஸ ஏத்துனா இன்னும் மோசமாகும். புள்ளைய கேளுங்க, "அசையணும்னு உடம்பு முழுக்க தள்ளுதா, இல்ல அந்த ஒரு எடத்துல மட்டும் அரிக்கற மாதிரி இருக்கா?" முழுக்கனு சொன்னா அன்னைக்கே டாக்டருக்கு சொல்லுங்க.

ஹாலோபெரிடால்: பழைய மருந்து, வெல கம்மி. எங்களுக்கு ஒரு க்ளினிக்ல முதல்ல குடுத்தது இதுதான், பக்க விளைவு பத்தி ஒரு வார்த்த சொல்லல. ரெண்டாம் நாள் சாயந்திரம் பையன் கழுத்து ஒரு பக்கமா திரும்பிக்கிச்சு, கண்ணு மேல சொருவிக்கிச்சு, வாய மூட முடியல, ஆனா நெனவு நல்லா இருக்கு, பயந்து என் கைய புடிச்சிக்கினே இருந்தான். ஆயா பேய் புடிச்சிச்சுனு வேப்பிலை எடுக்கப் போனாங்க. ஆட்டோல தூக்கினு போனோம், அங்க இருந்த டூட்டி டாக்டர் மாத்திரை பேர கேட்டதுமே புரிஞ்சிக்கினு ப்ராமெதசின் ஊசி போட்டாங்க, அரை மணி நேரத்துல கழுத்து நேராச்சு. இதுக்கு பேர் டிஸ்டோனியா, பெரும்பாலும் மருந்து ஆரம்பிச்ச இல்ல ஏத்துன முதல் சில நாள்ல வரும். வலிப்பு இல்ல, பேய் இல்ல. மாத்திரை அட்டைய கையோட எடுத்துனு போங்க, அது ஒண்ணே வைத்தியத்த வேகமாக்கும். இந்த மருந்துல உடம்பு இறுகறது, முகத்துல உணர்ச்சி இல்லாம போறது, மந்தம், ஸ்கூலுக்குப் போக திடீர்னு பயப்படறதும் வரலாம். புள்ள "ஸ்கூலுக்கு போ மாட்டேன்"னா சோம்பேறித்தனம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மாத்திரைய சந்தேகப்படுங்க.

பிமோசைட் பத்தி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்ல, இதயத் துடிப்போட லயத்த மாத்தக் கூடியது, ஈசிஜி இல்லாம ஆரம்பிக்காதீங்க, ஏத்தும்போதும் எடுங்க. டோபிரமேட் குடுத்தா எடை குறையும், வார்த்த கெடைக்காம தடுமாறுவான், கை கால் மரமரப்பு, சிறுநீரகக் கல் வரலாம், பசங்களுக்கு வேர்வை வராம உடம்பு சூடு ஏறலாம். வேர்வை வராத புள்ளைய நம்ம மே மாச வெயில்ல க்ரவுண்டுல விடாதீங்க. டோபிரமேட்டயும் சட்டுனு நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம்.

நாலாவது படி: மெடிக்கல் ஷாப்ல நிக்கறப்போ

நம்ம பழக்கம், சளி இருமல் வாந்தினா ஷாப்ல கேட்டு வாங்கறது. இந்த புள்ளைங்களுக்கு அது வேணாம். வாந்திக்கு குடுக்கற மெட்டோக்ளோபிரமைட் தனியாவே பசங்களுக்கு கழுத்த இழுத்துக்க வெக்கலாம், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோனோட சேந்தா ஆபத்து ஏறும். தொண்டை வலிக்கு சாதாரணமா எடுத்து குடுக்கற அசித்ரோமைசின், எரித்ரோமைசின், க்ளாரித்ரோமைசின் மூணுமே பிமோசைட்டோட சேரக் கூடாது, இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து. தூக்கம் வர வெக்கற சளி சிரப் க்ளோனிடினோட சேந்தா புள்ளைய எழுப்பவே முடியாம போகலாம். ஒரே நெனப்பு, ஒரே செயல் திரும்பத் திரும்ப வர்ற ஓசிடிக்கு குடுக்கற ஃப்ளூயோக்ஸெட்டின் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ரெண்டோட அளவையும் ரத்தத்துல ஏத்தும், அத ஆரம்பிச்சாலும் நிறுத்துனாலும் மத்தத டாக்டர் திரும்ப கணக்கு போடணும். ஒரு சின்ன அட்டைல புள்ளையோட மருந்து பேர், அளவு எழுதி என் பர்ஸ்லயும் அவன் ஐடி கார்டு பின்னாடியும் வெச்சிருக்கேன், எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல அத நீட்டறேன்.

அஞ்சாவது படி: எப்ப ஓடணும்

கழுத்து, தாடை, கண்ணு இழுத்துக்கிச்சு, மூச்சு விட இல்ல முழுங்க கஷ்டம், மயங்கி விழுந்தான், நாடி ரொம்ப மெதுவா அடிக்குது, எழுப்ப முடியல, நெஞ்சு படபடனு அடிச்சு தலை பொளக்குதுங்கறான்: 108. காய்ச்சல் கொதிக்குது, உடம்பு கட்டை மாதிரி விறைச்சிக்கிச்சு, ஒளர்றான், வேர்த்து கொட்டுது, இதெல்லாம் சேந்து வந்தா பாராசிட்டமால் குடுத்து காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, டிக்குக்கு குடுக்கற சில மருந்துல அபூர்வமா வர்ற உயிர் போகக்கூடிய நிலைமை அது. வெயிலாலனு நெனச்சு நேரத்த விட்ராதீங்க.

ஆறாவது படி: நிறுத்தறது

இங்கதான் நான் நெறைய சொல்லணும், ஏன்னா இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றோம். புள்ளைக்கு எட்டரை வயசு இருக்கப்போ வாணியம்பாடில எங்க நாத்தனார் வீட்டு கல்யாணம், மூணு நாள், க்ளோனிடின் அட்டை வீட்ல பீரோ மேல. "ரெண்டு நாள் போடலனா இன்னா ஆயிடும்"னு வீட்டுக்காரர் சொன்னார், நானும் சரினேன். முகூர்த்தம் அன்னைக்கு காலைல தலைவலினு சுருண்டுக்கினான், மூஞ்சி செவந்து வேர்த்து கொட்டுது, கைய நெஞ்சுல வெச்சா பறவை மாதிரி துடிக்குது. பிபி அவன் வயசுக்கு இருக்கக் கூடாத அளவு. அன்னைக்கு கத்துக்கினது, க்ளோனிடின் இத்தன நாளா அழுத்தி வெச்சிருந்த நரம்புக் கிளர்ச்சி, மருந்து சட்டுனு போனதும் எகிறி அடிக்கும். வயித்துப் போக்கு வாந்தில மாத்திரை தங்காம போனாலும் இதே கதைதான், அதனால வாந்தி எடுக்கற புள்ளைக்கு "இன்னைக்கு மாத்திரை வேணாம்"னு முடிவு பண்ணாம டாக்டர கேளுங்க.

யார் சொல்லணும்: டாக்டர். எப்ப கேக்கலாம்: நோட்டுல ஆறு மாசமாவது டிக் அடங்கி இருக்கு, இல்ல பக்க விளைவு டிக்க விட பெரிய தொல்லையா ஆயிடுச்சு, இல்ல புள்ளையே "வேணாம்மா"ன்னு சொல்றான். மூணாவது காரணத்த லேசா எடுக்காதீங்க, பத்து வயசுக்கு மேல அவன் பேச்சுக்கு மரியாதை குடுக்கலனா ஒளிச்சி துப்பிடுவான், அது சட்டுனு நிறுத்துன மாதிரிதான்.

எந்த மாசம்: எல்லாரும் ஏப்ரல் லீவுல நிறுத்தலாம்னு சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. லீவுல டென்ஷன் இல்லாததால டிக் எப்படியும் கம்மியா இருக்கும், நிறுத்துனது நல்லா போச்சுனு ஏமாறுவோம், ஜூன்ல ஸ்கூல் தொறந்து புது டீச்சர், புது க்ளாஸ்னு வந்ததும் எல்லாம் சேந்து வரும், மருந்து போனதாலயா ஸ்கூலாலயானு தெரியாது. எங்க டாக்டர்கிட்ட பேசி ஜூலை நடுவுல, புது வகுப்பு பழகினதும் ஆரம்பிச்சோம். பரீட்சை, ஊருக்குப் போறது, வீட்ல சாவு கல்யாணம் எதுவும் பக்கத்துல இல்லாத மாசம் எதுவோ அதான் நல்ல மாசம்.

எப்படி: ஒரு நேரத்துல ஒரே மருந்து. எங்களுக்கு ரெண்டு இருந்துச்சு, எடை ஏறுனதால ரிஸ்பெரிடோன மொதல்ல குறைச்சோம், அப்ப க்ளோனிடின தொடவே இல்ல. ரிஸ்பெரிடோன் 1 மில்லிகிராம்ல இருந்து 0.75, அப்பால 0.5, 0.25, அப்பால நிறுத்தம், ஒவ்வொரு படிக்கும் மூணு நாலு வாரம். இது என் பையனோட கணக்கு, உங்க புள்ளைக்கு டாக்டர் வேற போடுவாங்க. அது முடிஞ்சு ரெண்டு மாசம் சும்மா இருந்தோம், அப்பால க்ளோனிடின். க்ளோனிடினுக்கு பொதுவா சொல்ற விதி, தினசரி அளவுல ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல குறைக்கக் கூடாது, ரெண்டு குறைப்புக்கு நடுவுல 3-ல இருந்து 7 நாள். என் பையன் மொத்தமே ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம்தான், அதனால எங்களுக்கு கால் கால் மாத்திரையா, வாரத்துக்கு ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு நாள் கழிச்சு பிபி. அந்த பொடி மாத்திரைய கத்தில வெட்டுனா தூளாப் போவுது, மெடிக்கல்ல மாத்திரை வெட்டற டப்பானு கேளுங்க, வெல ரொம்ப கம்மி. வெட்டுனத ஞாயித்துக் கிழமையே ஏழு நாளுக்கும் பொட்டலம் கட்டி வெச்சிடுவேன். மெதுவா கரையற வகை மாத்திரைய மட்டும் வெட்டவோ நுணுக்கவோ கூடாது, முழு டோஸும் ஒரே நேரத்துல இறங்கிடும்.

அரிபிப்ரசோல் நிறுத்தறவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க, அது உடம்புல பாதியா குறையவே சுமாரா 75 மணி நேரம் ஆகும். நிறுத்துன முதல் வாரம் ஒண்ணுமே தெரியாது, "பாரு, மாத்திரை தேவையே இல்ல"னு சந்தோஷப்படுவோம், உண்மையான நெலைமை மூணு நாலு வாரம் கழிச்சுதான் தெரியும்.

ஏழாவது படி: நிறுத்துனதுக்கு அப்பால வர்றது டிக்கா, வேறயா

ரிஸ்பெரிடோன் 0.25-ல இருந்து நின்ன ரெண்டாவது வாரம் பையன் வாய் சும்மாவே மெல்ற மாதிரி அசைஞ்சுது, நாக்க உள்ளுக்குள்ள சுழட்டறான், விரல் பியானோ வாசிக்கற மாதிரி. நான் ஒடஞ்சி போயிட்டேன், டிக் திரும்ப வந்துடுச்சு, மாத்திரைய ஆரம்பிச்சிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். அந்த பழைய அஞ்சு நிமிஷ வீடியோவ எடுத்துனு பாகாயத்துக்கு போனேன். டாக்டர் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாங்க. பையன கேட்டாங்க, "இது வரதுக்கு முன்னாடி அரிக்குதாப்பா?" "இல்ல டாக்டர், எனக்கு தெரியவே இல்ல, அம்மா சொல்லித்தான் தெரியும்." அதுதான் வித்தியாசம். டிக்குனா வரதுக்கு முன்னாடி ஒரு உந்துதல் இருக்கும், கொஞ்ச நேரம் அடக்க முடியும், வெட்டி வெட்டி வரும். இது உந்துதல் இல்லாம, ஓடற தண்ணி மாதிரி தொடர்ந்து வர்றது, மருந்த நிறுத்துனதால வர்ற அசைவு, பசங்களுக்கு பெரும்பாலும் சில வாரத்துல இருந்து சில மாசத்துல தானா போயிடும். என் பையனுக்கு அஞ்சு வாரத்துல போச்சு. போகாம நின்னா, இல்ல மருந்து சாப்டுக்கினு இருக்கப்போவே இப்படி வந்தா அது வேற விஷயம், நாள்பட்ட அசைவா ஆகலாம், தள்ளிப் போடாம காட்டுங்க. மருந்து குடுத்துக்கினு இருக்கற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவயாவது வாய், நாக்கு, விரல் எல்லாத்தையும் டாக்டர் பாத்து மார்க் போடறாங்களானு கேளுங்க.

தூக்கம் கெடறது, குமட்டல், எரிச்சல் இதெல்லாம் குறைக்கற ஒவ்வொரு படிலயும் சில நாள் வரும், வந்தா அதே படில இன்னும் ரெண்டு வாரம் நில்லுங்க, மேல ஏறவும் வேணாம், கீழ எறங்கவும் வேணாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு நில்லுங்க. டிக்கும் கொஞ்சம் கூடும். கூடுன முதல் வாரமே பழைய டோஸுக்கு ஓடாதீங்க, ரெண்டு மூணு வாரம் நோட்டுல எழுதிப் பாருங்க, புள்ளைக்கு வலி, காயம் இல்லாத வரைக்கும். அப்படியும் தாங்க முடியாம திரும்ப மாத்திரை ஆரம்பிக்க வேண்டி வந்தா அது தோல்வி இல்ல, மருந்துனு ஒண்ணு இருக்கறதே அதுக்குத்தான்.

ஸ்கூலுக்கு முன்கூட்டியே சொல்லுங்க. நான் க்ளாஸ் டீச்சர்கிட்ட போய், "டீச்சர், ரெண்டு மாசம் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி வரும், கேக்காத மாதிரி இருந்துடுங்க, நிறுத்துனு சொன்னா இன்னும் வரும், முடியலனா அவன தண்ணி குடிக்க வெளிய அனுப்புங்க"னு கேட்டேன். அவங்க ஒத்துக்கினாங்க, எனக்காக இல்ல, அவனுக்காகனு சொன்னாங்க. பரீட்சை எழுதற ஹால்ல கடைசி பெஞ்சும் குடுத்தாங்க.

எட்டாவது படி: மிச்ச மாத்திரை

நிறுத்துனதும் பாதி அட்டை மிஞ்சும். "பக்கத்து வீட்டு பொண்ணும் கண்ணு சிமிட்டுது, குடுத்து பாக்கலாமா"னு கேப்பாங்க, எங்கிட்டயே கேட்டாங்க, குடுக்காதீங்க. "திரும்ப வந்தா ஆவும்"னு பீரோல வெச்சிக்கினு நீங்களா ஆரம்பிக்காதீங்க. க்ளோனிடின் ஒரு மாத்திரைய ரெண்டு வயசு கொழந்தை வாய்ல போட்டாலும் மயக்கம் வரும், மூச்சு, நாடி எல்லாம் இறங்கிடும், அதனால குடுத்துக்கினு இருக்கற வரைக்கும் பூட்டுன டப்பால வெச்சிருங்க, எங்க வீட்ல நாத்தனாரோட கைக்கொழந்தை வந்து போறதால அரிசி ட்ரம் மேல இருந்து பூட்டு போட்ட பொட்டிக்கு மாத்துனேன். முடிஞ்சதும் அட்டைல இருந்து பிரிச்சு, போட்டுப் போன டீத்தூளோட கலந்து, கவர்ல இறுக்கி கட்டி குப்பைல போட்டேன். அட்டைய பையன் வாங்கி கத்தரியால துண்டு துண்டா வெட்டுனான், நோட்டுல தேதி போட்டு அவனே எழுதுனான், "இன்னைக்கு மாத்திரை இல்ல, தூக்கம் ஓகே, கண்ணு 3, தொண்டை 2."